நாலு ஸ்லாட், இரண்டு மெமரி

கடையில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் எனக்குப் போன் செய்கிறார்கள். போன வாரமும் ஒரு போன் வந்தது. புதிய ப்ராசஸர் ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறதாம். அது வேண்டுமென்று ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். எந்த போர்டு போடலாம், எந்த மெமரி போடலாம் என்று கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த ப்ராசஸரின் பெயரையே அன்றுதான் காதில் கேட்டேன். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? "அதுக்கு முன்னால யாருப்பா உக்காரப் போறது?" என்று கேட்டேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

பெரிசு நழுவுகிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். இப்போதெல்லாம் போனில் தட்டினால் போர்டின் பெயர், மெமரியின் வேகம் எல்லாம் பட்டியலாக வந்து விழுகிறது. அதில் பெரிய தப்பும் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்குக் கோம்பை பெருமாள்சாமி ஐயாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஞானராஜ் அண்ணாச்சியின் கடை தேனி பஜாரில் இருக்கிறது. அவருடைய அப்பா அதே இடத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பித்தளைக் குடங்கள் தொங்கிய கொக்கிகள் நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் உத்தரத்தில் இருந்தன. அவற்றில் நாங்கள் கேபிள்களைத் தொங்கவிட்டிருந்தோம். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, டிவி, யுபிஎஸ் என்று கொஞ்ச காலம் அலைந்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று அண்ணாச்சி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏலே வேலு, கையில மோதிரம் போடுவியா?" போடுவதில்லை என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லி ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தார். மோதிரம் உரசினால் போர்டு போய்விடும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மற்றபடி நான் கற்றதெல்லாம் அந்தக் கடையில் கற்றதுதான். அதை விலாவாரியாகச் சொல்லி உங்களைப் படுத்த மாட்டேன்.

அண்ணாச்சியிடம் ஒரு வழக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் வேண்டும் என்று யார் வந்தாலும் எந்தப் பொருளின் பெயரையும் முதலில் சொல்ல மாட்டார். யார் உட்காரப் போகிறார்கள், என்ன வேலை, பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில், அதில் எர்த் இருக்கிறதா என்றுதான் கேட்பார். ப்ராசஸரின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்கிறவர்களுக்கு எரிச்சலாக வரும். "என்ன அண்ணாச்சி, பொண்ணு குடுக்குற வீடு மாதிரில வெசாரிக்கிறீக" என்பார்கள். "ஆமா, குடுத்தாத் திரும்பி வரப்படாதுல்ல" என்பார் அவர்.

உதிரிகளைச் சேர்த்து மிஷினைக் கூட்டும் முறையும் அவர் வகுத்ததுதான். வாங்குகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும். போர்டு வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல்தான் போர்டை வைக்க வேண்டும். ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட்டுத்தான் பொருளில் கை வைக்க வேண்டும். ப்ராசஸர் உட்காரும் இடத்து மூடியைக் கழற்றினால் உள்ளே மயிரிழை கனத்தில் நெருக்கமாக ஊசிகள் நிற்கும். அதில் ஒன்று சாய்ந்தாலும் போர்டு குப்பைக்குத்தான். நகைக்கடையில் கல் பார்க்கும் லென்ஸ் ஒன்றை வாங்குகிறவர் கையில் கொடுத்து, நாங்கள் டார்ச் அடித்துக் காட்ட வேண்டும். எல்லாம் நேராக நிற்கிறது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் ப்ராசஸர் இறங்கும். அதை அழுத்தக் கூடாது. மூலையில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்து வைத்தால் தன் கனத்தில் தானே உட்காரும். மெமரி அப்படி இல்லை, அதை அழுத்த வேண்டும். ப்ராசஸரின் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டிலும் நாலாவது ஸ்லாட்டிலும் வைத்து, இரண்டு ஓரமும் டக்கென்று பூட்டும் வரை அழுத்த வேண்டும்.

இதையெல்லாம் செய்யும்போது வாய் மூடியிருக்கக் கூடாது. "இப்ப ப்ராசஸரை வைக்கிறேன், இப்ப லீவரை இறக்குறேன், இப்ப மெமரி" என்று போடி ஏலத்தில் விலை கூவுவதுபோல ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "சத்தமில்லாமச் செஞ்சு கெட்டுப்போச்சுன்னா களவாண்ட மாதிரி ஆயிரும்லே" என்றார். கடைசியாக ஒரு விதி உண்டு. கூட்டி முடித்த மிஷின் ஓர் இரவு முழுக்கக் கடையில் ஓட வேண்டும். ஓடிப் பார்க்காத மிஷின் எங்கள் கடை வாசலைத் தாண்டியது கிடையாது.

போர்டு விஷயத்தில் எங்களிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள் நிறைய. மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த போடிக்காரர் ஒருவர் இருப்பதிலேயே பெரிய ப்ராசஸரைத் தானே எங்கோ வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு இருப்பதிலேயே மலிவான போர்டைப் போடச் சொன்னார். "லாரி எஞ்சின ஆட்டோவுல மாட்டச் சொல்றீக" என்றார் அண்ணாச்சி. பெரிய ப்ராசஸர் கரண்டை அதிகம் இழுக்கும். அந்தக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி மலிவான போர்டில் மெலிவாக இருக்கும், சூடு தாங்காது. நான் விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேறு கடைக்குப் போனார். கோடையில் அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்களிடமே வந்தார். மத்தியானம் ஆனால் நின்றுவிடுகிறதாம். போர்டில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் கையை உதறினேன். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தவருக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கோ நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அந்தப் பொறுமை எனக்குக் கடைசிவரை வரவில்லை.

ராஜேஸ்வரி எங்கள் கடைக்கு வந்தது ஒரு மாசி மாதம். கோம்பையில் வாக்கப்பட்ட பெண். கணவன் செல்வம் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவர். எடுத்த வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்க்கும் வேலை மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து திரும்பி வருவதற்குள் கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் என்று ஊரில் கேலி பேசினார்களாம். ராஜேஸ்வரி உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவர். இந்த வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டு, இனி வீட்டிலேயே செய்யலாம் என்று பள்ளி வேலையை விட்டுவிட்டார். வைகாசி முகூர்த்தங்களுக்குச் சில வீடுகளில் ஒப்புக்கொண்டும் இருந்தார்.

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள், "நான்தான் உக்காரப் போறேன் அண்ணாச்சி. கல்யாண வீடியோ எடிட் பண்ண. பிளக் பாயிண்ட் வடக்குச் சுவத்துல இருக்கு. எர்த்தும் இருக்கு" என்றார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கேட்பதற்குக் கேள்வி இல்லாமல் அண்ணாச்சி உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் ராஜேஸ்வரி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். "எங்க மாமா பாதிக்குப் பாதி போடுறாக. அதனால அவுக சொல்ற மாதிரிதான் நடக்கணும். மிஷினுக்கு மொதக் கரண்டு எங்க வீட்லதான் ஏறணுமாம், நல்ல நேரத்துல. கடையில ஓட்டிப் பாக்கப்படாதுன்னு சொல்லிப்புட்டாக."

"ஓட்டாமக் குடுத்த வழக்கம் இல்லையேம்மா" என்றார் அண்ணாச்சி. "அங்கன போயி ஓடலைன்னா என்ன செய்வீக?"

"ஓடலைன்னா அம்புட்டுத்தான் அண்ணாச்சி. மொத நாள் நின்ன சாமான் எங்க மாமா வீட்ல தங்காது. தோட்டத்துல புது மோட்டாரு போட்ட அன்னைக்கே நின்னுச்சு. பீஸ்தான் போயிருந்துச்சு. சொன்னாக் கேக்கல, சாயங்காலமே கழட்டி அனுப்பிட்டாக. இதையும் அனுப்பிட்டாகன்னா இன்னொன்னு வாங்கித் தர மாட்டாக. நான் ஸ்கூல் வேலையவும் விட்டுட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, அன்னைக்குப் படம் வந்துறணும்ணே."

வராமல் போவதற்கு எத்தனை வழி இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். அவர் கேட்ட ப்ராசஸர் அப்போது புத்தம் புதிது. போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு சின்னப் புரோகிராம் இருக்கும். எந்த ப்ராசஸர் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை போர்டு அறிவது அதை வைத்துத்தான். கடைக்கு வரும் போர்டோ ப்ராசஸர் வெளிவருவதற்கு முன்பே செய்து பெட்டியில் அடைத்ததாக இருக்கும். பழைய பயாஸ் புது ப்ராசஸரைப் பார்த்து ஆள் தெரியாமல் முழிக்கும், படம் வராது. கடையில் ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும், பயாஸை மாற்றிவிடலாம். ஓட்டவே கூடாது என்றால் என்ன செய்வது?

ப்ராசஸரும் மெமரியும் இல்லாமலே, பென் டிரைவைச் செருகி ஒரு பொத்தானை அமுக்கினால் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளும் போர்டுகள் உண்டு. விலை கொஞ்சம் கூட. அந்தப் பொத்தான் உள்ள போர்டுகளை மட்டும் பிரித்தெடுத்தேன். அதில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி தடிமனாக இருப்பதை எடுத்தேன். மெமரிக்கு நாலு ஸ்லாட் இருப்பதாகப் பார்த்துக்கொண்டேன். இரண்டு ஸ்லாட் போர்டாக எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மெமரிதான் ரொம்ப யோசிக்க வைத்தது. அந்த ப்ராசஸருக்கு டிடிஆர் ஃபைவ் மெமரி மட்டும்தான் சேரும். அது வேகமானது, ஆனால் கொஞ்சம் சொகுசு பார்க்கும். பழைய மெமரியில் நாலு ஸ்லாட்டையும் நிரப்பி ஓட்டியிருக்கிறோம். இதில் நாலையும் நிரப்பினால் போர்டு திணறி வேகத்தைக் குறைத்துவிடும். வேறு வேறு கம்பெனிச் சரக்கைக் கலந்தால் சில சமயம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதனால் பெரிய அளவில் ஒரே ஜோடியாக, போர்டுக்காரர்கள் தாங்களே போட்டுப் பார்த்துச் சரி என்று வெளியிட்டிருக்கும் பட்டியலில் ஒன்றைத் தேடிப் பிடித்து மதுரையிலிருந்து வரவழைத்தேன். அந்த ஜோடி கைக்கு வந்தபோது எனக்கே ஒரு கர்வம் இருந்தது.

பொத்தான் விஷயத்தில் மட்டும் ஒரு உறுத்தல். ப்ராசஸர் இல்லாவிட்டாலும் போர்டுக்குக் கரண்டு கொடுத்தாக வேண்டும். இதை ராஜேஸ்வரியின் மாமனார் பெருமாள்சாமி ஐயாவிடம் கேட்காமல் செய்வதற்கு அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. ஐயாவே ஒருநாள் தேனிக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய வாழை விவசாயி. கடைக்குள் வந்ததும் கம்ப்யூட்டர்களைப் பார்க்கவில்லை, உத்தரத்துக் கொக்கிகளைத்தான் பார்த்தார். போர்டை அவர் முன்னால் வைத்து, இதற்கு மட்டும் முன்கூட்டியே கொஞ்சம் கரண்டு கொடுத்து உள்ளே ஒரு திருத்தம் செய்ய வேண்டும், மிஷின் ஓடாது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாழக்கட்டைய மருந்துல முக்கி எடுக்குறது நடவு ஆகுமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆகாதுய்யா."

"அப்பப் பண்ணிக்கங்க தம்பி. ஆனா, ஓடுறது எங்க வீட்லதான் ஓடணும்."

அண்ணாச்சி அவரை வழியனுப்பிவிட்டு வந்து, "ஏலே, அவுக கேட்ட மாதிரி ஒரு கேள்விய எந்த இன்சினியரும் கேட்டுர முடியாதுலே" என்றார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஓட்டிப் பார்க்காத மிஷினை வெளியே அனுப்ப அவர் ஒப்புக்கொண்டது அந்தச் சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன்.

குறித்த நாளுக்கு முதல்நாள் மத்தியானம் மிஷினைக் கூட்டி முடித்தோம். செல்வம் வந்து லென்ஸில் ஊசிகளைப் பார்த்தார், நான் கூவ வேண்டியதைக் கூவினேன், மெமரி இரண்டும் டக்கென்று பூட்டின. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட். அவரே காரில் கொண்டுபோனார். மறுநாள் காலையில் நான் பஸ்ஸில் கோம்பைக்குப் போனேன். முதல்தடவை ஓடும்போது இந்த மெமரி தன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும், யாரும் பதறக் கூடாது என்று ராஜேஸ்வரியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவரும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

உரமூட்டைகள் இருந்த அறையைக் காலிசெய்து வெள்ளையடித்திருந்தார்கள். மேஜை மேல் மிஷின். அதற்கு மாலை போட்டு, கேபினெட் முழுக்கச் சிவப்புப் பட்டுத் துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். முன்பக்கப் பொத்தான் மட்டும் தெரிந்தது, அதிலும் சந்தனப் பொட்டு. ஐயாவின் தங்கை கம்பத்திலிருந்து வந்திருந்தார். சொந்தக்காரர்கள் அறைக்குள் கொள்ளாமல் வாசல்வரை நின்றார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா தலையை அசைத்தார். "அமுத்து தாயி" என்றார். ராஜேஸ்வரி பொத்தானை அமுக்கினார்.

காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. திரை இருட்டாக இருந்தது. எதிர்பார்த்ததுதான், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கற்பூரம் எரிந்து முடிந்தது. திரை இருட்டாகவே இருந்தது. இந்த போர்டுக்கும் இந்த ஜோடிக்கும் இவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ராஜேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் எதையும் மறைக்காத முகம்.

"என்னண்ணே, மொதத் தடவையே நின்னுருச்சா?" என்று ஐயாவின் தங்கை அவரிடம் கேட்டுவிட்டார்.

நான் போய்ப் பட்டுத் துணியை விலக்கினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், மெமரி ஒத்துப்போகும் வரை எரியும் மஞ்சள் விளக்கு போர்டின் ஓரத்தில் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நாலு ஸ்லாட்டிலும் மெமரி. நான் போட்டது கறுப்பு ஜோடி. மற்ற இரண்டும் வெள்ளை நிறத்தில், உயரமாக, வேறு கம்பெனிச் சரக்கு.

எனக்கு ஏறிய கோபத்தைச் சொல்ல முடியாது. யார் கை வைத்தது என்று கத்தியிருப்பேன். திரும்பியபோது ஐயாவின் முகம் கண்ணில் பட்டது. அவர் மிஷினைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மிஷினை நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்கினேன். கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, என்ன செய்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லாமல் வேலை செய்தேன். சொன்னால் ஊரே கூடி நிற்கும் இடத்தில் பழி அவர் மேல் போய் விழும். சொல்லாவிட்டால் மிஷின் மேல் விழும், அது சாயங்காலமே தேனிக்குத் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நின்றேன்.

ராஜேஸ்வரி பக்கத்தில் வந்து உள்ளே பார்த்தார். நாலும் தெரிந்தது. "அண்ணே, இதுல எது நீங்க போட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஐயாதான் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "வெள்ளையா இருக்குறது நான் வாங்குனது. நேத்துக் கண்ணாடி வழியாப் பாத்தேன், உள்ளங்கன ரெண்டு எடம் வெறுமையாக் கெடந்துச்சு. எம்மருமக தொழில் தொடங்குறா, அதுல வெறுமையா வச்சா தொடங்குறது? கம்பத்துல தங்கச்சி மகன்கிட்டச் சொல்லி வாங்கியாந்து சாயங்காலம் அவனையே போடச் சொன்னேன். பொருத்தமா உக்காந்துச்சுன்னான். மிஷின் மேல குத்தமில்ல. நான்தான் சேத்துப்புட்டேன்."

தன் மகன் பெயர் வந்ததும் தங்கை வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார். ராஜேஸ்வரிக்குக் கண் கலங்கியிருந்தது. மிஷின் எழுந்திருக்காத கவலையில் இல்லை. தொழில் வேண்டாம், உரமூட்டை அறையைத் தர மாட்டேன் என்று முதலில் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற மாமனார் அவர். அவர் யாருக்கும் சொல்லாமல் கம்பத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

"ஒரு ஜோடிதான் போடலாம்மா" என்றேன். "ரெண்டும் கலந்தா எந்திரிக்காது. வெள்ளையைக் கழட்டிறவா?"

"இல்லண்ணே. மாமா வாங்குனது உள்ள இருக்கட்டும். நீங்க போட்டதக் கழட்டுங்க."

வெள்ளை ஜோடியை எடுத்துப் பார்த்தேன். என் ஜோடியில் பாதி அளவுதான். குரலைத் தாழ்த்தி, "பாதிதாம்மா இது. பெரிய வீடியோவுக்குத் திணறும்" என்றேன்.

"தெரியும்ணே" என்றார். தெரிந்துதான் சொன்னார். பள்ளியில் பாடம் எடுத்தவருக்கு அது தெரியாதா?

அலைந்து தேடிய ஜோடியை என் கையாலேயே கழற்றியபோது மனசு ஒப்பவில்லை. ஆனாலும் இப்போது வாய் திறந்துகொண்டது. "கறுப்பு ஜோடியைக் கழட்டுறேன். ஐயா வாங்குன ஜோடியை ரெண்டாவது ஸ்லாட்டுக்கும் நாலாவது ஸ்லாட்டுக்கும் மாத்துறேன். கேட்டுக்கங்க, பூட்டுது" என்று கூவினேன். டக், டக். ஐயா எட்டிப் பார்த்தார். "மறுபடி ரெண்டு எடம் காலியாக் கெடக்கே தாயி" என்றார்.

"இருக்கட்டும் மாமா. வேலை பெருகட்டும், அப்பறம் நெரப்பிக்குவோம்."

ராஜேஸ்வரி மறுபடி பொத்தானை அமுக்கினார். மறுபடி இருட்டு. நல்ல நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் பந்திக்கு நகர்ந்துவிட்டார்கள். வெள்ளை ஜோடி என் போர்டுக்குப் பழக்கமில்லாத சரக்கு, அதற்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மஞ்சள் விளக்கு அணைந்து திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துருச்சு மாமா!" என்று ராஜேஸ்வரி கத்திய கத்தலில் பின்கட்டில் கட்டியிருந்த நாய் குரைக்க ஆரம்பித்தது. தங்கை வாசலிலிருந்தே, "நேரந் தப்பிருச்சேண்ணே" என்றார். ஐயா அவரைத் திரும்பிப் பார்த்தார். "கரண்டு ஏறுனது நல்ல நேரத்துலதான? படம் பைய வந்தா அதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது ராஜேஸ்வரி கறுப்பு ஜோடியைக் காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்தார். "ஒங்க கடையிலேயே இருக்கட்டும்ணே. இங்கன இருந்தா மாமா கண்ணுல படும்." நான் அதைக் கொண்டுவந்து கடை பீரோவில் வைத்தேன். அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். நாலு ஸ்லாட் விஷயத்தை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வைகாசி முகூர்த்த வேலைகளை ராஜேஸ்வரி சொன்ன நாளில் முடித்துக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எப்படி முடித்தார் என்று எனக்கு ஆச்சரியம்தான். அந்த மெமரியை வைத்துக்கொண்டு ஒரு மணி வேலையை அரைநாள் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை போனில், "ஜோடியைக் கொண்டாந்து மாத்தித் தரவாம்மா?" என்று கேட்டேன். "ஓடுதுண்ணே, போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஆவணி பிறந்து சில நாள் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்திருந்தேன். பெருமாள்சாமி ஐயா வேகமாகப் படியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, எம்மருமக ஒங்ககிட்டக் குடுத்து வச்ச ரெண்டு சாமான் இருக்காமே. அத எடுங்க."

"ராஜேஸ்வரி சொல்லிச்சாய்யா?"

"அவ எங்க சொல்லுவா? நான் பின்னால நின்னு பாத்தேன். படத்துல பொண்ணு தாலிக்குக் குனியுறா, அப்படியே நிக்கிறா. மாப்பிள்ள கை அந்தரத்துல நிக்குது. இவ கன்னத்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. ஒருநாளு ரெண்டுநாளு இல்ல, இத்தன மாசமா இப்படித்தான் உக்காந்துருக்கா போல. மகனக் கூப்புட்டு அதட்டுன பெறகுதான் சொல்றான், நான் வாங்குனது பத்தலைன்னு."

பீரோவிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவருடைய வழக்கம் தெரிந்தவன் என்பதால் நானாகவே சொன்னேன். "நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்து வந்து மாத்தித் தாரேங்கய்யா. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. ராகு காலம் தொடங்கிருச்சு."

"தெரியும் தம்பி" என்றார் ஐயா. பொட்டலத்தை அவரே எடுத்துக்கொண்டார். "அவ உக்காந்துருக்கா. நீங்க கெளம்புங்க."

வாசலில் ஒரு வாடகைக் கார் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.